மில்லிகிராமும் டன்னும்: திருவனந்தபுரத்தில் திண்மங்களைச் சூடேற்றிப் பார்த்த வரலாறு

தும்பாவின் வரலாறு பெரும்பாலும் படங்களின் வழியே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. புனித மரிய மகதலேனா தேவாலயத்தில் இயங்கிய அலுவலகம், மிதிவண்டியில் கொண்டு செல்லப்பட்ட ராக்கெட்டின் முனைக்கூம்பு, கடற்கரை மணலில் நிறுத்தப்பட்ட ஏவுதாங்கி ஆகியவை அந்தப் படங்கள். அதே திருவனந்தபுரத்தில், அதே ஆண்டுகளில் தொடங்கிய இன்னொரு வரலாற்றுக்குப் படங்கள் இல்லை. சில மில்லிகிராம் வெள்ளை உப்பை ஒரு சிறு தட்டில் இட்டு, சீரான வேகத்தில் சூடேற்றி, அது எப்போது சிதையத் தொடங்குகிறது, எப்போது தானே தீப்பற்றுகிறது என்று குறித்துவைத்தவர்களின் வரலாறு அது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இந்தத் திண்மம் எத்தனை டிகிரியில் தானாக எரியும்? எந்தத் திண்மத்துக்கும் அப்படி ஒற்றை எண் கிடையாது என்பதே அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை. அது திருவனந்தபுரத்தின் கண்டுபிடிப்பு அன்று. ஆயினும் அந்த விடையைக் கணக்காக மாற்றியதில் இந்நகரத்துக்குப் பலரும் அறியாத ஒரு பங்கு உண்டு.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி, அந்தி வானில் சோடியம் ஆவியை வெளியிட்டது. மேல்வளிமண்டலக் காற்றின் போக்கை அந்த ஆரஞ்சு நிற மேகத்தைக் கொண்டு அளந்தனர். திட சோடியத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைத் தந்தது, அதனோடு கலந்திருந்த தெர்மைட். இத்தகைய கலவையை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு நாளில் நேர்ந்த விபத்தை அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். உடன் பணியாற்றிய சுதாகரின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி சோடியத்தின் மீது விழுந்தது, கலவை வெடித்தது. சுதாகர் வெறுங்கையால் சன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமை வெளியே தள்ளி, பின்னர் தாமும் குதித்தார். தீக்காயங்களோடு பல வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். தும்பாவின் புழுக்கம் ஒரு வேதிப்பொருளாகவே அந்த அறைக்குள் நுழைந்த நாள் அது.

இந்த நிகழ்ச்சி நினைவில் நிற்பதற்குக் காரணம் அதன் வேகம். சோடியத்துக்கு எதிரி யார் என்பது தெரியும். நீர் பட்டால் வினை, படாவிட்டால் அமைதி. ஆனால் வெளியிலிருந்து எதுவும் படாமலே தன்னுள் மெல்ல வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் திண்மங்கள் வேறொரு வகை. உழவர்க்கு இது புதிதன்று. ஈரம் போகாத வைக்கோலைப் போராக வேய்ந்தால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். சில வேளை புகையும். கேரளத்தின் துறைமுகங்களுக்கு இதைக் கற்பித்தது கொப்பரை. அபாயகரமான சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் அவை வகுத்த பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே உண்டு. அது தானே எரியக்கூடிய பொருள்களின் வகுப்பில் நிற்கிறது. பதப்படுத்தாத மீன் தூளும் (எண் 1374) அதே வகுப்பு. மீனவர் ஊராகவும் தென்னை ஊராகவும் இருந்த தும்பாவில் ராக்கெட் வருவதற்கு முன்பே தன்னெரிவுப் பொருள்கள் இருந்தன என்று சொன்னால் அது வெறும் வேடிக்கையாகாது.

ஒரு குவியலுக்குள் உண்டாகும் வெப்பம் அதன் கன அளவைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பம் அதன் புறப்பரப்பைப் பொறுத்தது. குவியல் பெரிதாகப் பெரிதாகக் கன அளவு பரப்பை முந்திவிடுகிறது. வெப்பம் தேங்குகிறது, வெப்பநிலை ஏறுகிறது, ஏறிய வெப்பநிலை வினையை இன்னும் விரைவாக்குகிறது. இந்தச் சுழற்சிக்கு 1928-இல் கணித வடிவம் தந்தவர் ரஷ்ய வேதியியலாளர் நிக்கொலாய் செமெனோவ். குவியலின் நடுப்பகுதி விளிம்பைவிடச் சூடாக இருக்கும் என்ற உண்மையையும் சேர்த்து 1930-களின் இறுதியில் அதை விரிவாக்கினார் பிராங்க்-கமெனெட்ஸ்கி. கோளம், உருளை, தட்டை என்று வடிவம் மாறினாலே தீப்பற்றும் எல்லை மாறும் என்பது அவருடைய கோட்பாட்டின் விளைவு.

இன்று உலகெங்கும் நடக்கும் சோதனைகள் இந்தக் கோட்பாட்டின் நிழலில்தான் நிற்கின்றன. ஐக்கிய நாடுகளின் சோதனைக் கையேட்டின்படி, 10 செ.மீ. பக்கமுள்ள கம்பிவலைக் கனசதுரத்தில் பொருளை நிரப்பி, 140 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். உள்ளே வெப்பநிலை 200 டிகிரியைத் தாண்டினால் அது தன்வெப்பமேறும் பொருள். அதென்ன 140? அதற்கு ஆதாரம் மரக்கரி. 27 கன மீட்டர் கொண்ட, அதாவது பக்கத்துக்கு 3 மீட்டர் உள்ள மரக்கரிக் குவியல் 50 டிகிரியிலேயே தானே தீப்பற்றும். அதே மரக்கரியை 10 செ.மீ. கனசதுரமாகச் சுருக்கினால் 140 டிகிரி வேண்டும். பொருள் ஒன்றே, எண்ணோ 50-இலிருந்து 140 வரை நகர்கிறது. ஐரோப்பிய முறையில் கனசதுரத்தின் பக்கம் 2 செ.மீ.; நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் அடுப்பைச் சூடேற்றி, மாதிரியின் உள்ளே 400 டிகிரியைத் தொடும் நேரத்தில் அடுப்பு எத்தனை டிகிரியில் இருந்தது என்று பார்க்கின்றனர். அம்முறையின் பெயரிலேயே ‘ஒப்பீட்டு’ என்ற சொல் இருக்கிறது. பாடநூல்களில் உருகுநிலைக்கும் கொதிநிலைக்கும் பக்கத்தில் தன்னெரி வெப்பநிலையையும் ஒரு பத்தியாக அச்சிடும் வழக்கம் மாணவர்க்குத் தவறான படிமத்தைத் தருகிறது.

காற்றில்லாமல் எரியாத மரக்கரிக்கே இந்த நிலை என்றால், எரியத் தேவையான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ராக்கெட் உந்துபொருளின் நிலை எப்படியிருக்கும்? 1967 நவம்பர் 20 அன்று தும்பாவிலிருந்து பறந்த முதல் இந்திய ராக்கெட்டான ரோகிணி-75 கார்டைட்டைக் கொண்டு பறந்தது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயர் கார்டைட் ஆலை ஒன்றை அமைத்திருந்தனர். கார்டைட்டின் நைட்ரோசெல்லுலோஸ் கிடங்கில் இருக்கும்போதே மெல்லச் சிதையும். சிதைவில் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். இதைக் கண்டறியும் சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. கார்டைட்டை உருவாக்கிய இருவருள் ஒருவரான பிரெடெரிக் ஏபெலின் பெயரால் வழங்குவது அது. மாதிரியை ஒரு குழாயில் இட்டு நீர்த்தொட்டியில் சூடேற்றி, மேலே தொங்கும் பொட்டாசியம் அயோடைடு-மாவுத் தாள் எத்தனை நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பர். வெப்பமண்டலக் குடியேற்ற நாடுகளில் வெடிமருந்தைக் கிடங்கில் வைத்திருந்த ஓர் ஆட்சிக்கு அந்தத் தாளின் நிறம் சாதாரணச் செய்தியன்று.

கார்டைட்டோடு நின்றால் பெரிய ராக்கெட் இல்லை. 1967-இல் இங்கிலாந்திலிருந்து தும்பாவுக்கு வந்த வசந்த் கோவாரிகர் பலபடி சார்ந்த கலப்பு உந்துபொருள்களில் பயிற்சி பெற்றவர். 1969-இல் தும்பாவில் ராக்கெட் உந்துபொருள் ஆலை வந்தது. சாரபாய் 1971 டிசம்பர் 30 அன்று மறைந்தபின், வேளி மலையிலும் தும்பாவிலும் இருந்த அமைப்புகள் ஒன்றாகி விக்ரம் சாரபாய் விண்வெளி மையம் என்று பெயர் பெற்றன. கலப்பு உந்துபொருளில் பெரும்பங்கு வகிப்பது அம்மோனியம் பெர்குளோரேட் என்ற வெள்ளை உப்பு. அதோடு அலுமினியத் தூள். இரண்டையும் பிடித்து வைக்கும் ரப்பர் போன்ற பிணைபொருள். அந்த உப்பைத் தயாரிப்பதற்கென்றே 1979-இல் ஆலுவாவில் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது.

அம்மோனியம் பெர்குளோரேட் வேதியியலாளர்க்கு ஒரு நல்ல புதிர். 240 டிகிரி அளவில் அதன் படிகம் செஞ்சாய்சதுர வடிவிலிருந்து கனசதுர வடிவுக்கு மாறுகிறது. சுமார் 300 டிகிரியில் சிதையத் தொடங்கி, ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தபின் நின்றுவிடுகிறது; எஞ்சிய உப்பு பார்வைக்குப் பழைய உப்புப் போலவே இருக்கும். இன்னும் சூடேற்றினால் 350 டிகிரிக்கு மேல் இரண்டாம் சிதைவு. இடையே ஒரு பகுதி சிதையாமலே பதங்கமாகிவிடவும் கூடும். எரிவேகத்தைக் கூட்டச் சேர்க்கும் காப்பர் குரோமைட்டோ இரும்பு ஆக்சைடோ சிறிதளவு கலந்தாலும் இந்த வரைபடம் முழுதும் கீழிறங்கும். ஆகவே வினையூக்கி என்று ஒரு குறிப்பேட்டில் எழுதப்படும் பொருள், மறு குறிப்பேட்டில் மாசு என்று எழுதப்படும். தூய உப்புக்கு எடுத்த எண்ணை நம்பிக் கலவையைக் கையாள இயலாது. கலவையின் ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய சோதனையைக் கேட்கிறது.

இந்தச் சோதனைகள் தொடங்கும் இடம் வெப்பத்தராசு. சில மில்லிகிராம் மாதிரி, சீராக ஏறும் வெப்பநிலை, குறைந்துகொண்டே வரும் எடை. பக்கத்தில் வேறொரு கருவி, வினையில் வெப்பம் வெளியாகிறதா உறிஞ்சப்படுகிறதா என்று காட்டும். இவ்வளவு சிறிய அளவைத் தேர்வதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். தட்டிலுள்ள பொருள் தீப்பற்றினாலும் கருவிக்குக் கேடு நேராது. ஆனால் சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. ஆலையில் இருக்கப்போவது டன் கணக்கில். அளந்ததோ மில்லிகிராம் கணக்கில். இரண்டுக்கும் இடையே பாலமாகக் கிடைப்பது வினைவேகவியல் மட்டுமே. எடை குறையும் வளைகோட்டிலிருந்து கிளர்வு ஆற்றலையும் அதனோடு இணைந்த மாறிலியையும் கணக்கிட்டு, அவற்றை பிராங்க்-கமெனெட்ஸ்கியின் சமன்பாட்டில் இட்டால், எவ்வளவு பெரிய குவியல் எத்தனை டிகிரியில் கட்டுமீறும் என்று மதிப்பிடலாம். கிளர்வு ஆற்றலோ அடுக்குக்குறியில் உட்காரும் எண். அதில் சிறு பிழை நேர்ந்தால், டன் அளவுக்குச் செல்லும்போது அது பன்மடங்காகப் பெருகும்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை 1970-களின் இறுதியிலிருந்து முறையாக எழுப்பியவர்கள் திருவனந்தபுரத்தில் இருந்தனர். விக்ரம் சாரபாய் மையத்தின் கே.என். நைனானும், கேரளப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் சி.ஜி.ஆர். நாயரும் ‘தெர்மோகிமிகா ஆக்டா’ இதழில் ஒரு கட்டுரை வரிசையை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களுள் முதன்மையானது வெடிக்கும் பொருளன்று. ஒற்றை நீர் மூலக்கூறு கொண்ட கால்சியம் ஆக்சலேட். சேனைக்கிழங்கும் சேம்பும் நாவில் அரிப்பதற்குக் காரணமான ஊசிப் படிகங்களும் கால்சியம் ஆக்சலேட்டே. சூடேற்றினால் அது மூன்று தெளிவான படிகளில் எடை இழக்கும்: முதலில் நீர், 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல், அடுத்து கார்பன் மோனாக்சைடு, 19 விழுக்காடு, இறுதியில் கார்பன் டைஆக்சைடு, 30 விழுக்காடு. இப்படி நன்றாக நடந்துகொள்ளும் பொருளிலேயே எண்கள் தடுமாறினால், முரண்டு பிடிக்கும் பெர்குளோரேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்தத் தேர்வின் தருக்கம்.

எண்கள் தடுமாறின. மாதிரியின் எடையையும் சூடேற்றும் வேகத்தையும் மாற்ற மாற்ற, கணக்கில் கிடைக்கும் கிளர்வு ஆற்றலும் ஓர் ஒழுங்கான போக்கில் மாறியது. தட்டின் அடியிலுள்ள துகளும் மேலுள்ள துகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. வெளியேற வேண்டிய வாயு உள்ளேயே தங்கி வினையைத் தடுக்கிறது. சில மில்லிகிராமுக்குள்ளேயே ஒரு சிறு வைக்கோற்போர் இருக்கிறது என்று இதைச் சொல்லலாம். எல்லோரும் பொருளின் பண்பென்று எழுதிவந்த எண்ணில், சோதனை நடந்த விதமும் கலந்திருந்தது. இந்த மாற்றத்தைப் பிழையென்று ஒதுக்காமல், எடைக்கும் வேகத்துக்கும் எதிராக அதைச் சமன்பாட்டில் பொருத்திக் காட்டியதே அந்தக் கட்டுரைகளின் சிறப்பு.

அடுத்த இடர்ப்பாடு தூய கணிதம் சார்ந்தது. வெப்பநிலை சீராக ஏறும்போது வினைவேகத்தைத் தொகையீடு செய்தால், முடிந்த வடிவில் எழுத முடியாத ஒரு தொகையீடு குறுக்கே வரும். அதற்கு ஈடாகத் தோராயங்களை டாயில், கோட்ஸ், ரெட்ஃபெர்ன் முதலியோர் 1960-களில் தந்திருந்தனர். மேசைக்கு மேசை கணினி இல்லாத காலத்தில் வேதியியலாளர்க்குத் தேவைப்பட்டது, ஒரு நேர்கோடு வரைந்து அதன் சாய்விலிருந்து விடையை வாசித்துக்கொள்ளும் வழி. 1986-இல் பி.எம். மதுசூதனன், கே. கிருஷ்ணன், நைனான் மூவரும் அதே இதழில் புதிய தோராயம் ஒன்றை வெளியிட்டனர். அதுவரை பரவலாக வழங்கிய கோட்ஸ்-ரெட்ஃபெர்ன் முறையில் வெப்பநிலையின் அடுக்கு 2. இவர்களுடைய சமன்பாட்டில் அது ஏறத்தாழ 1.92. பார்வைக்குச் சிறிய திருத்தம். பிழையோ கணிசமாகக் குறைந்தது. மூவரின் ஆங்கிலப் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.கே.என். சமன்பாடு என்று இன்றும் பல நாட்டு ஆய்வேடுகளில் அது ஆளப்படுகிறது. மருந்துப் பொருள்களுக்கும் உலோகச் சேர்மங்களுக்கும் அதைப் பயன்படுத்துவோர் பலர்க்கு அது ஒரு ராக்கெட் நகரத்தில் பிறந்தது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்டாரிங்க் 2003-இல் இத்தகைய முறைகளை ஒப்பிட்டுத் தந்த, இன்று பரிந்துரைக்கப்படும் சமன்பாட்டிலும் அந்த அடுக்கு 1.92.

காரியவட்டத்திலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்கும் தும்பாவுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தூரத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையும் நடுவணரசின் விண்வெளி மையமும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்டன என்பது அறிவியல் வரலாற்றாளர் நின்று கவனிக்க வேண்டிய செய்தி. உந்துபொருள் ஆய்வின் பெரும்பகுதி வெளியிட முடியாத ஒன்று. ஆக்சலேட்டும் தொகையீட்டுக் கணிதமும் அப்படியல்ல. வெளியே சொல்லக்கூடிய மொழியில் உள்ளே தேவைப்பட்ட கேள்வியைக் கேட்டதால், மாணவர்கள் முனைவர் பட்டம் பெறவும் உலக இதழ்கள் மதிப்பிடவும் இடம் கிடைத்தது எனக் கருதலாம்.

டன்னுக்கு வருவோம். தும்பாவின் சிறு ராக்கெட்டுகள் பல்லாண்டுகளாக பி.வி.சி. பிணைபொருளைக் கொண்டு பறந்தன. பி.வி.சி. தூள் நெகிழ்த்தும் எண்ணெயில் கரைந்து இறுகுவதற்கு, உப்பும் அலுமினியமும் கலந்த அந்தக் கலவையை 150 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். சிறிய குழாயில் அது இயலும். குறுக்களவு மீட்டர் கணக்கில் ஏறும்போது, நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேரவும் நெடுநேரம், வெளியேறவும் நெடுநேரம். தன்னெரிவின் கணக்கு மிரட்டுவது இத்தகைய இடத்தில்தான். எஸ்.எல்.வி.-3-இன் கீழடுக்குகளுக்கு பி.பி.ஏ.என். என்ற பலபடியும், பி.எஸ்.எல்.வி.க்கு எச்.டி.பி.பி. என்ற பலபடியும் வந்தன. எச்.டி.பி.பி. சுமார் 60 டிகிரியில் சில நாள்களில் இறுகிவிடும். பி.எஸ்.எல்.வி. முதலடுக்கின் குறுக்களவு 2.8 மீட்டர், உந்துபொருள் சுமார் 138 டன். எல்.வி.எம்.3-இன் பக்கவாட்டு அடுக்கு ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன். பிணைபொருள் மாற்றத்துக்கு ஆற்றல், இழுவை உறுதி, விலை என்று காரணங்கள் பல. 150-க்கும் 60-க்கும் உள்ள இந்த இடைவெளியைப் பொது வரலாறுகள் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை.

வெப்பம் மட்டுமே ஆபத்தன்று என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். உராய்வு, மோதல், நிலைமின்சாரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. 1988 மே 4 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பெப்கான் நிறுவனத்தின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை தீப்பிடித்து வெடித்தது; இருவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். தனித்த உப்பு வெறும் ஆக்சிஜனேற்றி, வெடிபொருளன்று என்று பழகியிருந்த கருத்தைப் பெருங்குவியலும் பெருந்தீயும் அன்று மாற்றின. ஸ்ரீஹரிகோட்டாவில் 2004 பிப்ரவரி 23 அன்று, திட உந்துபொருள் வார்த்து இறுகவைக்கும் கட்டடத்தில் பற்றிய தீயில் ஆறு பேர் உயிரிழந்தனர். ஒரு தட்டில் மில்லிகிராம் கணக்கில் எடுத்த எண்கள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அவை ஒரு கட்டடத்தின் எல்லா நிகழ்வுகளையும் தாங்கி நிற்பதில்லை. சோதனைக்கூடமும் ஆலையும் இரண்டு வெவ்வேறு அளவுகளில் மட்டுமல்லாமல், இரண்டு வெவ்வேறு வகைத் துணிச்சல்களோடும் இயங்கி வந்திருக்கின்றன. சுதாகரின் பெயர் ஒரு நூலின் தயவால் எஞ்சியது, மற்றவர்களுடையது அவ்வாறில்லை.

தும்பாவிலிருந்து இன்றும் பறக்கும் ரோகிணி-200, 2020 செப்டம்பர் வரை பி.வி.சி. பிணைபொருளையே கொண்டிருந்தது. அம்மாதம் முதன்முறையாக எச்.டி.பி.பி. உந்துபொருளோடு அது ஏவப்பட்டது. 138 டன் அடுக்கு அந்தப் பலபடிக்கு மாறி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.